நிலம் நகர்ந்த கணக்கு: நிலநடுக்க ஆய்வில் ஜிபிஎஸ்

2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6.28 மணி கடந்ததும் சுமத்ராவுக்கு மேற்கே கடலடி உடையத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அந்த நிலநடுக்கத்தின் அளவை 8.0 என்று கணித்தது. ஒரு மணி நேரம் கழித்து அது 8.5 ஆனது. உண்மையில் அது 9.1. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான்; ஆனால் 8.0க்கும் 9.1க்கும் இடையே வெளிப்படும் ஆற்றல் சுமார் 45 மடங்கு மாறுகிறது. அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்கச் சரியான எண் யார் கையிலும் இல்லை. கிடைத்திருந்தாலும் அதைக் குப்பம் குப்பமாகக் கொண்டு சேர்க்க இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது என்பது தனிச் சோகம்.

நிலநடுக்கமானிகள் அன்று பழுதாகிவிடவில்லை. அவை அதிர்வை அளப்பவை. பிளவோ சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்க எட்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. முதலில் வந்து சேரும் அலைகளில் முழுக் கதையும் இருக்காது. அதோடு, அவசரக் கணிப்புக்கு எடுத்துக்கொள்ளும் வேகமான அலைகளில் 8 அளவு நடுக்கமும் 9 அளவு நடுக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும்.

ஜிபிஎஸ் கேட்பது வேறு கேள்வி: ஆட்டம் அடங்கியபின் நிலம் எங்கே போய் நின்றது? அன்று தாய்லாந்தின் புக்கெட் 27 சென்டிமீட்டர் மேற்குப் பக்கமாக நகர்ந்திருந்தது. போர்ட் பிளேர் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. பல இடங்களின் நகர்வு தெரிந்தால், எவ்வளவு பரப்பு எவ்வளவு தூரம் வழுக்கியது என்று கணக்கிடலாம். நிலநடுக்கத்தின் அளவு என்பதே அடிப்படையில் அந்தக் கணக்குதான். நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ப்ளூவிட்டும் அவருடைய குழுவினரும் 2006இல் இதைச் செய்து காட்டினார்கள். அன்றைய ஜிபிஎஸ் தரவு உடனுக்குடன் கிடைத்திருந்தால், நடுக்கம் தொடங்கிய 15 நிமிடத்துக்குள் அது 9 அளவு என்று சொல்லியிருக்க முடியும்.

சரி, நம் கைபேசி காட்டும் இடமே சில மீட்டர் தள்ளித்தானே இருக்கிறது? மில்லிமீட்டர் எப்படிச் சாத்தியம்?

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலில் ஒரு நேரக் குறியீடு இருக்கிறது. கைபேசி பெரும்பாலும் அதை நம்பியே தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆய்வு நிலையத்து ரிசீவர், அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் ரேடியோ அலையையே அளக்கிறது. அந்த அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். வானத்திலிருந்து 19 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட அளவுநாடா தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கே நிற்கிறோம் என்பதை நூற்றில் ஒரு பங்கு வரை படிக்கலாம். அதாவது சுமார் 2 மில்லிமீட்டர். மொத்தம் எத்தனை கோடுகள் என்பது முதலில் தெரியாது. பல செயற்கைக்கோள்களைத் தொடர்ந்து கவனித்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்புறம் பிழைகளை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. செயற்கைக்கோள் இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் அனுப்புகிறது; இரண்டுக்கும் அந்தத் தாமதம் வேறுபடுவதால் ஒப்பிட்டு நீக்கிவிடலாம். காற்றின் ஈரப்பதம் அவ்வளவு எளிதில் விடாது. அதைத் தனியாக மதிப்பிட்டுத்தான் கழிக்க வேண்டும். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால், பக்கவாட்டு நகர்வைவிட உயர மாற்றத்தில் பிழை எப்போதும் கூடுதல். ஆண்டெனாவை மண்ணில் நட்டால் மழைக்கு ஊறி, வெயிலுக்குச் சுருங்கி மண்ணே அசையும். அதனால் முடிந்தவரை பாறையில் துளையிட்டு இறுக்குகிறார்கள். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் கோத்துப் பார்த்தால், பெங்களூரு ஆண்டுக்குச் சுமார் 5.5 சென்டிமீட்டர் வடகிழக்கே போய்க்கொண்டிருப்பது தெரிகிறது.

இந்த முறையை ஜப்பான் அளவுக்குப் பயன்படுத்தும் நாடு அரிது. சுமார் 1,300 நிலையங்கள் அங்கே இருக்கின்றன. பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான பசிபிக் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் ஜப்பானுக்கு அடியில் நுழைகிறது. இரண்டு தட்டுகளும் பூட்டிக்கொண்ட இடத்தில் வழுக்காமல், மேல் தட்டின் விளிம்பையும் இழுத்துக்கொண்டே போகிறது. வடகிழக்குக் கரை நிலையங்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே தள்ளப்படுவது பதிவாகிக்கொண்டே இருந்தது. 2011 மார்ச் 11 அன்று பூட்டு விட்டது. அந்தக் கரையிலுள்ள ஓஷிகா தீபகற்பம் 5.3 மீட்டர் கிழக்கே பாய்ந்து, 1.2 மீட்டர் தாழ்ந்தது. அன்றும் மூன்று நிமிடத்தில் வந்த முதல் கணிப்பு 7.9 தான், உண்மை 9.0. சில கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்றுதான் முதல் எச்சரிக்கை போனது. வந்த அலை பல மடங்கு உயரம். அதன் பிறகே, நிலையங்களின் நகர்விலிருந்து சில நிமிடங்களில் நடுக்கத்தின் அளவைக் கணக்கிடும் அமைப்பை ஜப்பான் தன் வலையமைப்பில் சேர்த்தது.

எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டுவது, சத்தமே இல்லாத நிலநடுக்கம். 1999 கோடையில் கனடாவின் தென்மேற்கிலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் ஏழு ஜிபிஎஸ் நிலையங்கள் சில வாரங்களுக்குத் திசை மாறி, வந்த வழியே சில மில்லிமீட்டர் திரும்பின. அதோடு சேர்த்துச் சொல்லும்படி எந்த நடுக்கமும் பதிவாகவில்லை. ஆழத்தில் 300 கிலோமீட்டர் நீளப் பரப்பு சுமார் 2 சென்டிமீட்டர் மெல்ல வழுக்கியிருந்தது, 6.7 அளவு நிலநடுக்கத்துக்குச் சமமான வழுக்கல் அது. பிறகு பார்த்தால், அங்கே ஏறக்குறைய 14 மாதத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கிறது. பூட்டிய பகுதி எங்கே முடிகிறது, மெல்ல வழுக்கும் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான தடயம் கிடைப்பது கடினம். அடுத்த பெரிய நடுக்கம் எந்த நாளில் வரும் என்பதை மட்டும் இந்தத் தரவு சொல்லாது. இறுக்கம் எங்கே சேர்கிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது வரைதான் அதன் எல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய சுனாமிகளைக் கிளப்பும் பிளவுகள் கடலுக்கு அடியில் இருக்கின்றன. ஜிபிஎஸ் சிக்னலோ தண்ணீருக்குள் இறங்காது. ஜப்பான் கடலோரக் காவல்படையின் கப்பல் தன் இடத்தை ஜிபிஎஸ் மூலம் அளந்துகொண்டு, கடலடியில் பதித்த கருவிகளோடு ஒலியால் பேசி அவற்றின் இடத்தைக் கணக்கிடுகிறது. 2011இல் வடகிழக்கு ஜப்பானின் மியாகிக்கு அப்பால் கடலடி 24 மீட்டர் நகர்ந்திருந்தது இப்படித்தான் தெரியவந்தது. கரையில் நொடிக்கு நொடி கிடைக்கும் அளவு, அங்கே கப்பல் போகும்போது மட்டும், ஆண்டுக்குச் சில முறைதான் கிடைக்கிறது.