ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் – மீள்பாய்ச்சல் மின்மாற்றி

பழைய குழாய்த் தொலைக்காட்சியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதைத் தெரியும். பலகையின் ஓரத்தில் பிசின் வார்த்த கறுப்புக் கட்டை ஒன்று இருக்கும். அதிலிருந்து கிளம்பும் தடித்த சிவப்பு ஒயர், படக்குழாயின் முதுகில் ரப்பர்த் தொப்பியோடு போய் ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை ‘இ.எச்.டி.’ என்பார்கள். எக்ஸ்ட்ரா ஹை டென்ஷன் என்பதன் சுருக்கம் அது. இங்கே டென்ஷன் என்றால் மின்னழுத்தம். மின்வாரியத்தின் ‘எச்.டி. லைன்’ என்பதில் இருப்பதும் இதே சொல்தான்.

வீட்டு மேசையில் தீப்பொறி வரவழைக்க ஆசைப்படுபவர் முதலில் தேடுவதும் இந்தக் கட்டையைத்தான். அதன் பெயரைப் புரிந்துகொண்டால், எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் என்ற பெயரே ஒரு திருத்தமாக வந்ததுதான். 1880-களின் தொடக்கத்தில் பிரான்சின் கோலார், இங்கிலாந்தின் கிப்ஸ் இருவரும் தங்கள் கருவியை ‘செகண்டரி ஜெனரேட்டர்’ என்று அழைத்தார்கள். அதாவது, இரண்டாம் நிலை மின்னாக்கி. அது எதையும் ஆக்குவதில்லை என்பதால் அந்தப் பெயர் பொருந்தவில்லை. 1885-இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் ஆலையில் சிபெர்னாவ்ஸ்கி, பிளாத்தி, டேரி மூவரும் மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட கருவியை உருவாக்கினார்கள். டிரான்ஸ்ஃபார்மர் என்று பெயர் சூட்டியவர் பிளாத்தி. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது மின்மாற்றி, இலங்கைப் பாடநூல்களில் நிலைமாற்றி. இரண்டுமே ‘ஆக்கி’ என்னாமல் ‘மாற்றி’ என்பதால் பிழையில்லாத சொற்கள். வோல்ட் ஏறினால் ஆம்பியர் இறங்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

தேர்வு செய்பவர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். 25,000 வோல்ட் தரும் மீள்பாய்ச்சல் மின்மாற்றி ஒரு மில்லிஆம்பியர் கொடுத்தால் திறன் 25 வாட். மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி தருவது சுமார் 2,000 வோல்ட்தான், ஆனால் அரை ஆம்பியர் ஓடினாலே 1,000 வாட். வோல்ட் குறைவாயிற்றே என்று பின்னதை எடுப்பவர் எமனைத்தான் எடுக்கிறார். மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்க அதைப் பயன்படுத்தி அமெரிக்காவில் பலர் இறந்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு அது வேண்டவே வேண்டாம். நியான் விளம்பரப் பலகை மின்மாற்றியிலும் 30 மில்லிஆம்பியர் வரும். இதயத்தை நிறுத்த அது போதும்.

இனி ஃப்ளைபேக். படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி எழுதி முடித்ததும், அடுத்த வரிக்காகச் சட்டென்று இடப்பக்கம் திரும்ப வேண்டும். தட்டச்சுப் பொறியின் உருளையை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவது போல. இந்தியாவில் இருந்த 625 வரி முறையில் இது நொடிக்கு 15,625 தடவை நடந்தது. கற்றை திரும்பும் அந்தக் கணத்தில் மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென அறுபடும். அப்போது எழும் அழுத்தத்தை, அதிகச் சுற்றுகள் கொண்ட துணைச் சுருள் பல மடங்கு பெருக்கிப் படக்குழாய்க்கு அனுப்பும். திரும்பும் பாய்ச்சலே மின்னழுத்தத்தின் ஊற்று என்பதால்தான் இந்தப் பெயர்.

ஆகவே ‘பின்பறத்தல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வீண். ‘மீள்பாய்வு’ என்றால் மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடுவதாகத் தோன்றிவிடும். நான் மீள்பாய்ச்சல் என்பதையே எழுதுகிறேன். பாய்ச்சல் என்பதில் புலியின் வேகமும் ஒரே எட்டில் தாவுவதும் இருக்கின்றன. கற்றை செய்வதும் அதைத்தான்.

15,625 என்ற எண்ணை வாங்கும்போதும் மறக்கக் கூடாது. இதன் உள்ளகம் ஃபெரைட், பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கென்றே செய்தது. 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தில் நேரே செருகினால் உள்ளகம் மேற்கொண்டு காந்தம் ஏற்க முடியாமல் தெவிட்டிப்போய்ச் சுருள் கருகும். 12 வோல்ட் மின்கலமும், மின்னோட்டத்தை வேகமாக விட்டுவிட்டு அனுப்பும் டிரான்சிஸ்டர் சுற்றும் வேண்டும். பிற்கால மீள்பாய்ச்சல் மின்மாற்றிகளில், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் உள்ளேயே பொதிந்திருக்கும், அதனால் வெளிவருவது நேர்மின்னோட்டம். மாறுமின்னோட்டம் தேவைப்படுபவர் டையோடு இல்லாத பழைய வகையைத் தேட வேண்டும்.

படக்குழாயிலிருந்து கழற்றும்போது தனியாக இருக்காதீர்கள். குழாயின் உள்பூச்சும் வெளிப்பூச்சும் சேர்ந்து மின்தேக்கியாக நிற்பதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழகிய மெக்கானிக் ஒருவரை வைத்து அந்த மின்னூட்டத்தை இறக்கிய பின்தான் தொப்பியில் கை வைக்க வேண்டும்.

படக்குழாய்கள் போய்விட்டன, பெயர் போகவில்லை. செல்போன் சார்ஜர்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருக்கும் சுற்றுக்கு இன்றும் ஃப்ளைபேக் என்றே பெயர். சுவிட்ச் மூடியிருக்கும்போது உள்ளகத்தில் ஆற்றலைச் சேர்த்து, திறந்ததும் துணைச் சுருள் வழியே விடுவிக்கிறது. திரும்பி வர அங்கே கற்றை ஏதும் இல்லை.