ஜூனிப்பரின் பச்சையை நம்ப வேண்டாம்

சைப்ரஸ் குடும்பத்து மரமான ஜூனிப்பரின் கிளையை வெட்டி, தண்ணீர்கூடக் காட்டாமல் மேசைமேல் போட்டு வைத்தாலும் வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். வெளிநாட்டிலிருந்து ஜூனிப்பர் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) வரவழைப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். தண்ணீர் போதாவிட்டால் மற்ற மரங்கள் வாடும், இலை உதிர்க்கும். ஜூனிப்பர் எதையும் காட்டாது. போன்சாய்க்குப் பெயர்போன ஷிம்பாகு என்ற ஜூனிப்பர் வகையின் இலைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செதில்கள், மெழுகு பூசியவை, இலைத்துளைகளை இறுக மூடிக்கொள்பவை. வறட்சியைத் தாங்கப் பிறந்த அந்த உடம்பு, வேர் செத்த பிறகும் பல வாரம் பச்சை வேஷம் போடும். இலை மங்கிப் பழுக்கும்போது மருந்தைத் தேடி ஓடினால் பெரும்பாலும் பயனில்லை.

வேர் ஏன் சாகிறது? மண்ணோடு வரும் மரத்தைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. நூற்புழு, பூஞ்சை, பூச்சி முட்டை என்று மண்ணில் எதுவும் ஒளிந்திருக்கலாம். அதனால் வேரை நன்றாகக் கழுவி, ஈரப்பாசியில் சுற்றி, பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். தண்ணீரை உறிஞ்சுவது தடித்த வேர் அல்ல. நூல் போன்ற நுனிவேர்களும் அவற்றோடு கூடி வாழும் பூஞ்சையிழைகளும்தான். கழுவும்போது முதலில் அறுந்துபோவதும் அவையே. மேலே இலைத்திரள் குறையாமல் இருக்கிறது, கீழே உறிஞ்சும் பரப்பு சுருங்கிவிட்டது. இலை வழியாக ஆவியாகும் தண்ணீர்ச் செலவு பழையபடியே, வரவு மட்டும் பாதி. வந்திறங்கிய மரத்துக்குச் செய்யும் வைத்தியமெல்லாம் இந்தக் கணக்கைச் சரிக்கட்டுவதற்குத்தான்.

இலையைக் கொஞ்சம் வெட்டிச் செலவைக் குறைக்கலாமே என்று தோன்றும். ஜூனிப்பரிடம் அது எடுபடாது. சேமித்த மாவுச்சத்தில் கணிசமான பங்கு இலையிலேயே இருக்கிறது. புது வேர் விடச் சொல்லும் ஆக்சின் என்ற ஹார்மோன் சுரப்பதும் வளரும் நுனிகளில்தான். ஆகவே முதல் வருடம் கத்தரி வேண்டாம், கிளையை வளைக்கக் கம்பி கட்டவும் வேண்டாம். காய்ந்த குச்சியை மட்டும் எடுக்கலாம்.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். வெயிலைவிட வறண்ட காற்றுதான் மோசம். அது இலையைச் சுற்றியுள்ள ஈரத்தை இடைவிடாமல் துடைத்துக்கொண்டே போகும். இருட்டில் பல நாள் கிடந்த இலை திடீரென்று முழு வெயிலைச் சந்தித்தால் வெந்துவிடும் என்பதும் உண்மைதான். அதற்காக வீட்டுக்குள் வைத்துவிடாதீர்கள். ஜன்னலோரம் நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம், ஜூனிப்பருக்கு அது பட்டினி. முதல் இரண்டு வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம் போதும். பிறகு வாரம் ஒரு மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். கருநிறத் தொட்டி என்றால் கூடுதல் கவனம்: நேர் வெயிலில் அதன் சுவரோரம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இளவேர் ஓடி ஒட்டுவதும் அந்தச் சுவரோரத்தில்தான்.

நடும் கலவை 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள பருக்கைகளாக இருக்கட்டும். அகடாமா (ஜப்பானியக் களிமண் பருக்கை), பியூமிஸ் (நுண்துளை நிறைந்த லேசான கல்), எரிமலைக் கல் மூன்றையும் சமபங்கு கலப்பது பழகிப்போன வழக்கம். தூளைச் சலித்து எறிந்துவிட வேண்டும். பருக்கைகளின் இடைவெளியை அடைப்பது அதுதான். தொட்டியோடு நல்ல நிலையில் வந்த மரத்தை உடனே மாற்றாதீர்கள். ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்துக்கு மேல் மண்மீது தேங்கினால் மட்டும் யோசிக்கலாம். நட்டதும் அடித்துளை வழியாகக் கம்பி கொடுத்து வேர்க்கட்டைத் தொட்டியோடு இறுகக் கட்டுங்கள். மரம் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அன்று விட்ட நுனிவேர் அறுந்துபோகிறது. ஆடும் மரம் வேர் பிடிக்காது.

இனி தண்ணீர். அதிக மரங்களைக் கொல்வது பயணமல்ல, வாங்கியவரின் பதற்றம். வேர் குறைந்த மரம் குறைவாகத்தான் குடிக்கும். தினம் மூன்று வேளை ஊற்றினால் பருக்கைகளுக்கு இடையே காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறும். அப்போது பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிக்குக் கொண்டாட்டம். மூங்கில் குச்சி ஒன்றை 4 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனி கருத்து ஈரமாக இருந்தால் ஊற்றக்கூடாது. மேல் பாதி வெளுத்து, நுனி மட்டும் லேசாகக் குளிர்ந்திருந்தால் அதுதான் நேரம். ஊற்றும்போது அடியில் வழிய வழிய ஊற்ற வேண்டும். இலைமீது நீர் தெளிப்பது செலவைக் குறைக்கும்; வேருக்கு ஊற்றுவதற்கு அது ஈடாகாது. புது நுனி தெரியும்வரை உரம் கூடாது.

சில சமயம் மரம் தேறியும் ஒரே ஒரு கிளை மட்டும் காயும். நோய் என்று பயப்பட வேண்டாம். முதிர்ந்த ஜூனிப்பரில் ஒரு வேருக்கு ஒரு நீர்ப்பாதை, அந்தப் பாதைக்கு ஒரு கிளை என்பதுபோல் அமைப்பு. வெளுத்த பட்டுப்போன கட்டைக்குப் பக்கத்தில் செம்பழுப்பாகப் புடைத்து ஏறும் பட்டையை விரலால் கீழ்நோக்கித் தடவிப் போனால் எந்த வேரில் முடிகிறது என்று பிடிபடும். அந்த வேர் போனதால்தான் மேலே கிளை போனது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் மரத்துக்குள் ஓடும் பருவக் கடிகாரம். பகல் குறுகி, குளிர் ஏற ஏறத்தான் ஜூனிப்பர் உறக்கத்துக்குத் தயாராகிறது. வட அரைக்கோளத்தில் உறங்கிக்கொண்டிருந்த மரம் தென் அரைக்கோளத்துக் கோடையில் இறங்கினால், ஒரு பருவத்தையே விட்டுவிட்டு விழிக்கிறது. குளிர் ஊருக்குப் போகும் மரத்தை வசந்தத்தில் வரவழைப்பது நல்லது. வேர் பிடிக்க முழுப் பருவம் கிடைக்கும். முதல் குளிர்காலத்தில் தொட்டியைத் தரையில் புதைத்தோ மரப்பட்டைத் துண்டுகளால் மூடியோ வேரைக் காக்க வேண்டும், ஏனென்றால் கிளை தாங்கும் உறைபனியை வேர் தாங்காது. அப்போது இலை வெண்கல நிறமாக மாறினால் அது இயல்பு. குளிரே இல்லாத ஊரில் பல வகைகள் இரண்டு மூன்று வருடத்தில் மெல்லத் தளரும்; அங்கே தரையோடு படரும் புரோகம்பென்ஸ் என்ற ஜூனிப்பர் வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

மெலிந்த மரத்தைத் தேடி வருவது சிலந்திப்பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் இரு முறை தண்ணீரைப் பீய்ச்சினால் பெருகாது.

நுனிகள் வெளிர்பச்சையாக நீளத் தொடங்கினால் வேர் வேலை செய்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு வரும் வசந்தத்தில் லேசாகக் கிள்ளலாம். அப்போது செதிலுக்குப் பதில் குத்தும் ஊசியிலை முளைத்தால், கிள்ளியது அதிகம் என்று மரம் சொல்கிறது. அந்த ஊசியை வெட்டாமல் ஓரிரு வருடம் விட்டால், அதன் நுனியிலேயே மறுபடி செதில் வரும்.