மாடித்தோட்டத் தளை வேறு, இலவச விதைத் தொகுப்பு வேறு

"மாடித்தோட்டக் கிட்டு இலவசமாத் தராங்களாமே, எங்க வாங்கணும்?" பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். பக்கத்து வீட்டு அக்கா கேட்கவேயில்லை, நேரே வாங்கிவந்துவிட்டார். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வெறும் விதைதான் இருக்கு. பை எங்க?" என்றார். இரண்டு திட்டங்களை ஒன்றாக நினைத்ததால் வந்த குழப்பம் அது.

முதலாவது, 2021-ல் வந்த 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்'. நகரத்து வீடுகளுக்கான மாடித்தோட்டத் தளை, அதாவது நாம் சொல்லும் கிட், இதில்தான் வந்தது. அதன் மதிப்பு அப்போது 900 ரூபாய். மானியம் போக நாம் கட்ட வேண்டியது 225 ரூபாய் என்று அறிவித்தார்கள். உள்ளே 6 செடி வளர்ப்புப் பைகள், தலா இரண்டு கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் 6, ஆறு வகைக் காய்கறி விதைகள், 400 கிராம் உயிர் உரம், வேர் நோயைத் தடுக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், 100 மில்லி வேப்ப மருந்து, ஒரு கையேடு. ஒருவருக்கு இரண்டு தளைகள் வரை.

இரண்டாவது, 2025 ஜூலையில் தொடங்கிய 'ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம்'. இலவசம் என்று காதில் விழுவது இதுதான். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என ஆறு விதைகள் ஒரு தொகுப்பு. பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் இன்னொரு தொகுப்பு. மரத்துவரை, காராமணி, அவரை விதைகள் மூன்றாவது. முழு மானியம் என்பதால் காசு கிடையாது. பையும் நார்க்கட்டியும் கிடையாது. அக்கா வாங்கிவந்தது இதைத்தான்.

விண்ணப்பிக்க உழவன் செயலி அல்லது தோட்டக்கலைத் துறையின் இணையதளம். ஆதாரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பதிவது சிரமம் என்றால், மாதவரம் பால்பண்ணைப் பக்கம் துறையின் பூங்கா இருக்கிறது. விசாரிக்க நம் வட்டாரத்துக்கு அதுதான் கிட்டம். எது கையிருப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் பஸ் காசு மிச்சம்.

விதை வந்த கையோடு ஆறையும் தூவிவிடுகிறோம். என் பார்வையில் கோடைக்கு வெண்டை, கொத்தவரை, கீரை மூன்றே போதும். கீரை 25 நாளில் பறிக்கலாம். வெண்டை ஏறக்குறைய 45 நாளில் காய்க்கும். பங்குனி பிறந்ததுமே போட்டால் அக்னி நட்சத்திரம் உறைக்கும் முன்பே முதல் காய் பார்த்துவிடலாம். தக்காளி அப்படியல்ல. இரவிலும் புழுக்கம் குறையாத நாளில் பூ வரும், உதிரும், பிஞ்சு நிற்காது. தக்காளி, கத்தரி, மிளகாய் உறைகளை டப்பாவில் இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, உறையில் போட்டிருக்கும் தேதிக்குள் ஆடியில் விதைத்துக்கொள்ளலாம்.

வடசென்னையில் அதைவிடப் பெரிய வில்லங்கம் தண்ணீர். கடலோரத் தெருக்களில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. போன கோடையில் அதையே ஊற்றினேன். பத்து நாளில் வெண்டை இலையின் ஓரம் தீய்ந்து, பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நார்க்கட்டியிலும் உப்பு உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. பக்கெட்டில் ஊறவைத்தால் முதலில் டிக்காஷன் நிறத்தில் நீர் இறங்கும். அது வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசிக் கொட்ட வேண்டும். பிறகு மக்கிய எருவோ மண்புழு உரமோ கலந்து பையை நிரப்பலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரையும் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு அதில்தான் சேர்ந்திருக்கிறது. மெட்ரோ தண்ணீர், அரிசி களைந்த நீர் நல்லது. காலை ஏழுக்குள் ஊற்றிவிட வேண்டும்.

பழக்கன்று வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எலுமிச்சைக்கு உப்பு ஆகவே ஆகாது. மூன்று கன்றுக்கும் கடைசியில் பாதியாக வெட்டிய டிரம் வேண்டும். ஈரம் கோத்த டிரம் கனக்கும் என்பதால் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ தூணோ உள்ள இடமாகப் பாருங்கள். வாடகை வீடு, ஹவுசிங் போர்டு மொட்டைமாடி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். அதுவரை கன்றை வந்த பையிலேயே மாடிப்படி நிழலில் வைக்கலாம். எங்கள் எலுமிச்சை இப்போது மூன்றாவது படியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.