உயரழுத்த சிலிண்டருக்குள் தங்கும் ஈரம்

மறுசோதனைக்கு வரும் ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்கள் பலவும் புதுப் பெயின்ட்டோடு வந்து சேர்கின்றன. ஆனால் வால்வைக் கழற்றி, கழுத்து வழியாகச் சிறு விளக்கை இறக்கிப் பார்க்கும்போதுதான் அவற்றின் உண்மை நிலை தெரிகிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாத கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்றின் அடிப்பகுதி முழுவதும் துருக்குழிகளாக இருந்ததைக் கண்டு நான் பதறியிருக்கிறேன். வாயு முழுவதையும் தீர்த்துவிட்டு வால்வைத் திறந்தே போட்டுவைத்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்துவிடும்; கார்பன் டை ஆக்சைடு அந்த ஈரத்தோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி எஃகை அரிக்கும். ஆகவே, சிறிது அழுத்தம் மீதமிருக்கும்போதே வால்வை மூடித் திருப்பி அனுப்புங்கள் என்று பயன்படுத்துவோரிடம் மன்றாடிக் கேட்கிறேன்.

வால்வைக் கழற்றுவதே ஆபத்தான வேலை. திறந்தும் வாயு வரவில்லை என்பதால் மட்டும் சிலிண்டர் காலி என்று முடிவு கட்டக் கூடாது. வால்வின் துளை அடைபட்டிருந்தால் அழுத்தம் முழுவதும் உள்ளேயே இருக்கும்.

உட்புறத்தைப் பார்த்து, கழுத்து மரைகளை ஆராய்ந்து, தோள்பகுதியில் பொறித்துள்ள எடையோடு இப்போதைய எடையை ஒப்பிட்ட பிறகே நீரழுத்தச் சோதனைக்கு வருகிறோம். ஒரு சிலிண்டரில் வாயுவை 150 பார் அழுத்தத்தில் நிரப்புவதாக வைத்துக்கொண்டால், அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 150 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். சோதனையிலோ வழக்கமாக அதைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தம் தருகிறோம். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காதது என்பதால் அதில் சேரும் ஆற்றல் மிகக் குறைவு. சிலிண்டர் விரிசல் விட்டாலும் வாயு நிரம்பியதைப் போல் வெடித்துச் சிதறாது. நீர் உறைக்குள், அதாவது தண்ணீர் நிரம்பிய வெளிக்கலனுக்குள், வைத்து அழுத்தும்போது சிலிண்டர் எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை நீக்கியபின் எவ்வளவு சுருங்காமல் நிற்கிறது என்று அளக்கிறோம். அந்த நிலைத்த விரிவு மொத்த விரிவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பல விதிமுறைகளின்படி அது கழிக்கப்பட வேண்டியது. நுண்துளைப் பொருள் நிரப்பிய அசெட்டிலீன் சிலிண்டருக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

சோதனைக்குப் பின் உலர்த்துவதில் அவசரம் காட்டுவது எனக்குப் பொறுக்காத தவறு. பாதுகாப்புக்காக ஊற்றிய தண்ணீரே உள்ளே தங்கி அரிப்பைத் தொடங்கிவிடும். ஆக்சிஜன் சிலிண்டரின் மரையில் எண்ணெயோ கிரீஸோ பட்டுவிடவே கூடாது, ஏனெனில் உயரழுத்த ஆக்சிஜனில் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும்.

கழித்த சிலிண்டரை வெல்டிங் வைத்து மீண்டும் பயன்படுத்த இடமே இல்லை. யாரும் வாயு நிரப்ப முடியாதபடி அதை வெட்டிவிடுகிறோம்.