வடிகான்: கொழும்பு மழைநீரின் சொற்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில், பெருமழை பெய்த மறுநாள் காலை, எதிர்வீட்டு அன்ரி கேற்றடியில் நின்று சொன்னார்: "தம்பி, கான் அடைச்சுப் போச்சு. வெள்ளம் இன்னும் வடியேல்லை." கொன்கிறீற் மூடியை இரண்டு பேர் அலவாங்கால் நெம்பித் தூக்கினார்கள். உள்ளே கறுத்த மணல், நாலைந்து லஞ்ச் சீற், யோகட் கப், பாதி அழுகிய ஓர் இளநீர்க் கோம்பை. கோம்பையை இழுத்து வெளியே போட்டதும் தண்ணீர் ஒருமுறை சுழன்று இறங்கத் தொடங்கியது. கால் மணித்தியாலத்தில் கேற்றடியில் ஈரமணல் மட்டும்தான் மிச்சம்.

திட்ட அறிக்கைகளைத் தமிழாக்குவது என் வேலைகளில் ஒன்று. மழைநீர் வடிகாலமைப்பு, நீரேந்து பரப்பு முகாமைத்துவம், பிராந்தியத் திட்டமிடல் என்று கனத்த தொடர்கள் மேசைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அன்ரியின் இரண்டு வசனங்கள் ஞாபகம் வரும். கான், வெள்ளம், வடிதல். தேவையானதில் பாதி அதிலேயே இருக்கிறது.

வடி என்ற வினையை முதலில் பார்க்கலாம். அது சமையலறையில் தினமும் புழங்குகிறது. சோற்றை வடிக்கிறோம், கஞ்சியை வடிக்கிறோம், தேத்தண்ணியை வடித்துக் கோப்பையில் ஊற்றுகிறோம். தண்ணீர் ஓடும், பாயும், வழியும், கசியும், வடியும். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு. ஓடுவதிலும் பாய்வதிலும் வேகம் இருக்கிறது. வழிவது நிரம்பியதன் அடையாளம். வடிவது என்றால், நின்ற நீர் மெல்ல மெல்ல இறங்கி, அடியில் இருந்தது வெளியே தெரிவது. சோற்றுப் பானையைச் சரித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறோமே, அந்தப் பொறுமை இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் கொழும்பில் தண்ணீருக்குப் பாய்ந்தோடச் சரிவு இல்லை. அது வடியத்தான் முடியும்.

அடுத்தது கால். உடம்பின் கால், காற்று என்ற பொருள்களோடு நீர் செல்லும் வழி என்ற பொருளும் அதற்குப் பழையது. வாய்க்கால், கால்வாய் இரண்டிலும் இருப்பது அதுதான். வயல் செய்தவர்களுக்கு வாய்க்காலும் வடிகாலும் ஒரு சோடி. வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவரும், வடிகால் மிஞ்சியதைக் கொண்டுபோகும். வடிகால் இல்லாத வயலில் பயிர் வேர் அழுகிப் போகும். மனத்தின் பாரத்துக்கும் ஒரு வடிகால் வேண்டும் என்று பேசுகிறோமே, அது இந்த வயல் வடிகாலின் நீட்சி.

தமிழ்நாட்டில் மழைநீர் வடிகால் என்பார்கள். இலங்கையில் நாம் வடிகான் என்றும், பேச்சில் வெறும் கான் என்றும் சொல்கிறோம். கான் வெட்டுவது, கானுக்குள் சைக்கிள் விழுவது, கான் துப்புரவாக்குவது என்று அது நம் வாயில் ஊறிய சொல். சிங்களத்தில் காணுவ. இரண்டும் ஒலியில் மிக நெருக்கம் என்பதால் கொழும்புத் தெருவில் யாருக்கும் யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. காட்டைக் குறிக்கும் கான் வேறு, அதை இதோடு குழப்பத் தேவையில்லை. வடிகான் தவறு, வடிகால்தான் சரி என்று திருத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உடன்பாடில்லை. கொழும்பு வாசகருக்கு எழுதும்போது தெருவோரத்தில் இருப்பதற்கு வடிகான் என்றே எழுதுவேன். முழு அமைப்பையும் சொல்லும்போது வடிகாலமைப்பு என்பேன்.

ஆனால் வடிகாலமைப்பு என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்ற பெயரைப் பார்த்துவிட்டு, மழைவெள்ளத்துக்கு அங்கே முறையிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெயரில் உள்ள வடிகால் கழிவுநீரைக் குறிப்பது. வீட்டுக் கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனிக் கான் என்பதுதான் கொழும்பின் ஏற்பாடு. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. சமையலறைத் தண்ணீரையும் மலகூடத் தண்ணீரையும் திருட்டுத்தனமாக மழைநீர்க் கானில் இணைக்கும்போதுதான் கான் நாறத் தொடங்குகிறது. மழைநீர் வடிகான் என்றும் கழிவுநீர்க் குழாய் என்றும் எழுத்தில் பிரித்தே சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். சாக்கடை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டால், மழைநீர் செல்லும் வழியில் எதையும் கொட்டலாம் என்றாகிவிடுகிறது.

ஒருமுறை ஒரு வேலைத்தளப் பலகையில் 'புயல் நீர் வடிகால்' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். ஆங்கிலத்தில் உள்ள 'ஸ்டோர்ம் வாட்டர்' என்ற சொல்லை அப்படியே மாற்றியிருக்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் சூறாவளியை மட்டும் சொல்லவில்லை, ஒரு மழைப்பொழிவில் நிலத்தில் ஊறாமல் ஓடிவரும் நீர் முழுவதையும் சொல்கிறது. ஆகவே மழைநீர் என்பதே போதும். இதில் எனக்குப் பிடித்த இன்னொரு செய்தி உண்டு. பழந்தமிழில் புயல் என்றால் மேகம், மழை. 'புயலென்னும் வாரி' என்று திருவள்ளுவர் சொன்னது மழை என்கிற வருவாயை. அன்றைய வழக்குப்படி பார்த்தால் அந்தப் பலகை பிழையே இல்லை. ஆனால் இன்று வெள்ளவத்தையில் பலகையைப் படிப்பவர் சூறாவளி வந்தால்தான் அந்தக் கான் வேலை செய்யும் என்றல்லவா நினைப்பார்.

வெள்ளவத்தை என்ற பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் அதை வெள்ளம் வரும் வத்தை என்று நம்பியிருந்தேன். சிங்களத்தில் வெல்ல என்றால் மணல், வத்த என்றால் தோட்டம். மணல்தோட்டம்தான் இப்போது சீமெந்தால் மூடிக் கிடக்கிறது. மணலில் மழை ஊறும். சீமெந்தில் ஊற வழியில்லை, கானைத் தேடித்தான் ஓட வேண்டும்.

இனி வாட்டர்ஷெட் என்ற ஆங்கிலச் சொல். எனக்கு அதிகம் வேலை வைத்த சொல் இதுதான். அதில் உள்ள ஷெட் கொட்டகை அல்ல. பிரித்தல் என்ற பழைய பொருள் கொண்டது. ஜெர்மன் மொழியிலும் நீர்ப்பிரிவு என்ற பொருளில் இதற்கு இணையான சொல் உண்டு. தலையில் உச்சி பிரித்து வாரும்போது விழுகிற வகிடு போல, மலைமுகட்டில் விழும் மழை இரண்டாகப் பிரிகிற கோடுதான் அதன் முதற்பொருள். மலையகத்தில் ஒரு முகட்டின் இந்தப் பக்கம் விழும் துளி களனி கங்கையில் சேர்ந்து கொழும்புக்கு வரும், அந்தப் பக்கம் விழுவது மகாவலியோடு திருகோணமலைப் பக்கம் போகும். அந்தக் கோட்டுக்குப் புவியியலில் நீர்பிரிமேடு என்ற அருமையான சொல் இருக்கிறது. பிறகு, முக்கியமாக அமெரிக்க வழக்கில், வாட்டர்ஷெட் என்பது கோட்டை விட்டுவிட்டு, கோட்டுக்குள் அடங்கும் நிலப்பரப்பையே குறிக்கத் தொடங்கியது. இன்று திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருள்தான். அதை நீர்பிரிமேடு முகாமைத்துவம் என்று மொழிபெயர்த்தால், ஒரு மேட்டை மட்டும் பராமரிப்பது போல ஆகிவிடும்.

அந்தப் பரப்புக்குத் தமிழில் பல சொற்கள். தமிழ்நாட்டில் நீர்ப்பிடிப்புப் பகுதி, வேளாண்மைப் பக்கம் நீர்வடிப்பகுதி. ஓர் ஆற்றின் முழுப் பரப்பைச் சொல்லும்போது வடிநிலம். இலங்கையில் நீரேந்து பகுதி, நீரேந்து பிரதேசம். எல்லாம் நல்ல சொற்கள்தான், ஆனால் என் தெரிவு நீரேந்து பரப்பு. பிடிப்பதற்கும் ஏந்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கையேந்துகிறோம், மடியேந்துகிறோம், பிள்ளையைத் தோளில் ஏந்துகிறோம். ஏந்துவதற்கு இடம் வேண்டும், குழிவு வேண்டும், வருவதை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும் இயல்பு வேண்டும். தண்ணீரை உடனே தள்ளிவிடுவது கான். அதை வாங்கி வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவது நிலம். பிரதேசம் என்பதை நான் தவிர்ப்பதற்கு வேறு காரணம். பிரதேச செயலகம், பிரதேச சபை என்று நிர்வாக எல்லைக்கு அது ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது.

இந்த வித்தியாசம் கொழும்பில் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கொழும்பு மாநகர சபையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். கொழும்புக் கால்வாய்களுக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேந்து பரப்போ சுமார் 100 சதுர கிலோமீற்றர். கோட்டை, மகரகம, தலவத்துகொட, பத்தரமுல்லைப் பக்கம் பெய்த மழை தியவன்னா ஓயாவில் சேர்ந்து, கிருலப்பனை, தெமட்டகொடை, வெள்ளவத்தைக் கால்வாய்கள் வழியாகத்தான் வடிய வேண்டும். (கோட்டை என்று நான் சொல்வது ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையை, புறக்கோட்டைக்கு அருகில் உள்ளதை அல்ல.) மேலே ஒரு சதுப்புக் காணியை நிரப்பினால் கீழே வேறொரு சபையின் எல்லைக்குள் இருக்கிற வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறும். 1992 ஜூன் 4ஆம் திகதியும் 2010 நவம்பரிலும் கொழும்பில் ஒரே நாளில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. 2010இல் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. தியவன்னாவின் நடுவில் இருக்கும் கட்டடம் அது.

அதே மழைத்துளி எத்தனை அலுவலகங்களைக் கடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கைக் கானில் மாநகர சபை, பெரிய வீதியோரத்தில் வீதி அபிவிருத்தி அதிகார சபை, கால்வாயில் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், களனி கங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களம், நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதில் நகர அபிவிருத்தி அதிகார சபை. பிராந்தியத் திட்டமிடல் என்ற சொல் இங்கேதான் வேலைக்கு வருகிறது. ஒரு சபையை விடப் பெரிய, ஒரு மாகாணத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பரப்பை ஒன்றாகப் பார்ப்பது அது. நீரேந்து பரப்பே அந்தப் பிராந்தியத்தின் எல்லையாக இருந்தால், கான் அகலம் எவ்வளவு, எந்தக் காணியை நிரப்பக் கூடாது என்ற கேள்விகள் ஒரே மேசைக்கு வரும்.

காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பெயரே ஒரு சொல் வரலாறு. 1968இல் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்யும் சபையாக அது தொடங்கியது. பிறகு நீண்டகாலம் அதன் பெயரில் மீட்டல் என்ற சொல் இருந்தது. மீட்டல் என்றால் பறிபோனதைத் திரும்ப எடுப்பது. சதுப்பு நிலத்தை நிரப்புவதற்கு அந்தச் சொல்லை வைத்தபோது, அந்த நிலம் தண்ணீரிடம் பறிபோய்க் கிடந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. உண்மையில் அது தண்ணீரை ஏந்தும் மடி. இப்போது பெயரில் மீட்டல் இல்லை. அதே நிறுவனம் தலவத்துகொடையில் தியசரு ஈரநிலப் பூங்காவைப் பராமரிக்கிறது. 2018இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று 18 நகரங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தபோது கொழும்பும் அதில் இருந்தது. சதுப்பு, பள்ளக்காணி என்று விலை குறைத்துப் பேசியதை இன்று ஈரநிலம் என்கிறோம். சொல் மாறியதை நான் மனதார வரவேற்கிறேன்.

நீர்பிரிமேட்டை மனிதன் நகர்த்தவும் முடியும் என்பதற்கும் இங்கே சான்று இருக்கிறது. மடிவெலவின் கிழக்குப் பக்கத் திசைதிருப்பல் கால்வாய், தியவன்னாவுக்கு வந்திருக்க வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதியை நேரே களனி கங்கைக்கு அனுப்புகிறது. தெற்குப் பக்கத்தில் உள்ளது வேரஸ் கங்கை வழியாகப் பொல்கொடைப் பக்கம் கொண்டுபோகிறது. ஆனால் களனி பெருகி நிற்கும்போது, கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் உள்ள கதவைத் திறந்தால் ஆறு ஊருக்குள் வரும். அப்போது கதவை மூடி, பம்பிகளால் இறைக்க வேண்டும். மழைக்காலச் செய்தியில் களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்டம் இத்தனை அடி என்று சொல்கிறார்களே, அதைக் கொழும்பு வடக்கில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக் கேட்பது இதனால்தான்.

கடைசியாக, கால்வாய் கடலில் விழும் இடத்துக்கு ஒரு சொல். அறிக்கைகளில் வெளியேற்று வாய், வெளிவீழ்வு என்றெல்லாம் எழுதப் பார்க்கிறார்கள். வெள்ளவத்தைக் கால்வாய் ரயில் பாலத்துக்குக் கீழே கடலில் சேரும் இடத்தில் அலை மணலைக் கொண்டுவந்து குவிக்கும், அதை அகற்றாவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கும். மட்டக்களப்பிலும் இதே கதைதான். அங்கே வெள்ளம் ஏறினால் வாவியின் வாயில் உள்ள மணலை வெட்டி விடுவார்கள், ஊரில் அதற்கு முகத்துவாரம் வெட்டுவது என்று பெயர். தூய தமிழ் வேண்டுமென்றால் கழிமுகம் இருக்கிறது. ஆனால் எனக்கு முகத்துவாரமே போதும். களனி கடலில் சேரும் பக்கத்தில், கொழும்பு 15இல் உள்ள ஓர் ஊரை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். மட்டக்குளிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரைத்தான் ஆங்கிலத்தில் மட்வால் என்று எழுதுகிறார்கள். போன வாரம் கையில் இருந்த அறிக்கையில் வெளிவீழ்வு என்று இருந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டு முகத்துவாரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.