வெற்றிக் காசுகளைத் தேய்க்காதீர்கள்

பழங்காசுகளை அடையாளம் காண்பதும் பாதுகாப்பதும் என் தொழில். ரோமானியக் காசு சேர்ப்பவர்கள் என்னிடம் ஆசையோடு கொண்டுவருபவை பெரும்பாலும் எல்லைப்புற இனங்களை வென்றதாகப் பேரரசர்கள் அடித்த காசுகள். "அந்தப் போரில் ஜெயித்ததற்கு இது ஆதாரம்தானே?" என்று கேட்பார்கள். ஜெயித்ததாக அரசு அறிவித்ததற்கு ஆதாரம், அவ்வளவுதான்.

பேரரசர் டொமிஷியன் கி.பி. 83இல் ரைன் ஆற்றுக்கு அப்பால் சாட்டி என்ற ஜெர்மானிய இனத்தாரோடு போரிட்டு 'ஜெர்மானிக்கஸ்' (ஜெர்மானியரை வென்றவர்) பட்டம் சூடிக்கொண்டார். அடுத்த ஆண்டு வெளியான தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசில் ஜெர்மானியா ஒரு பெண்ணாகக் கேடயத்தின் மேல் துயரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். கீழே முறிந்த ஈட்டி. ஆனால் அந்த வெற்றி ஊர்வலமே பொய் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அடிமைகளை விலைக்கு வாங்கி, முடியையும் உடையையும் மாற்றிக் கைதிகளாக நடத்திச் சென்றார்களாம். டாசிட்டஸுக்கு டொமிஷியன் மேல் தீராத வெறுப்பு உண்டு, அதையும் மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். காசோ கிட்டத்தட்டச் சுத்தமான வெள்ளி.

மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர் கால்லியேனஸின் காசு அவரை ஐந்து முறை ஜெர்மானியரை வென்றவர் என்கிறது. ஆனால் 260இல் அவருடைய தந்தை வலேரியன் பாரசீகரிடம் கைதியானார், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) என்ற நாடு கலகம் செய்த தளபதி போஸ்டுமஸ் கைக்குப் போனது. அப்புறம் இரண்டாம் கிளாடியஸ். 269இல் நைசஸில், இன்றைய செர்பியாவில், அவர் கோத்தியர் என்ற எல்லைப்புற இனத்தாரை உண்மையாகவே முறியடித்தார். அதைக் கொண்டாடும் காசில் வெள்ளி 5 விழுக்காடுகூட இல்லை. செம்பின் மேல் மெல்லிய வெள்ளித் தோல், அதுதான் காசு. படையெடுப்புகளுக்குச் செலவழித்தே கஜானா என்ன ஆனது என்பதை எழுத்தைவிட உலோகம் நேராகச் சொல்கிறது.

அந்தத் தோலைத்தான் நாம் அழிக்கிறோம். குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளி, விபூதி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல வெள்ளிக் காசின் கருமையையும் விட்டுவிடுங்கள், அது அழுக்கு அல்ல. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால் தனியாக எடுத்து வைத்துப் பழங்காசுப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் நூற்றாண்டுக் காசில் செம்பு தெரிகிறது என்பதாலேயே போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். லென்ஸ் வைத்து ஓரத்தைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினாலோ, பரப்பில் நுண்ணிய குமிழ்க்குழிகள் இருந்தாலோ அது வார்ப்பில் ஊற்றியதாக இருக்கலாம்; ரோமானிய அக்கசாலையில் இந்தக் காசுகளைச் சுத்தியலால் அடித்தே செய்தார்கள்.