விருப்ப ஓய்வு பெற்று வெளிநாட்டில் பாடம் நடத்தப் போகிறீர்களா?

புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் 2004 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்த பேராசிரியர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளே பொருந்தும். 20 ஆண்டு தகுதிப் பணிக்காலம் (ஓய்வூதியக் கணக்கில் சேரும் பணிக்காலம்), மூன்று மாத நோட்டீஸ். இரண்டும் இருந்தால் விருப்ப ஓய்வு, ஓய்வூதியம். பிறகு எத்தியோப்பியாவிலோ ஓமனிலோ வகுப்பெடுக்கப் போகலாம். மேலோட்டமாகப் பார்த்தால் விதியில் இவ்வளவுதான். சிக்கல் பெரும்பாலும் அலுவலகத்தில்தான். பின்னால் சேர்ந்தவர்களுக்குத் திட்டமே வேறு. அதை இங்கே பேசவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பு, ராஜினாமா என்ற சொல்லை எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். அங்கே உடனே சேரச் சொல்கிறார்கள் என்றால், "ராஜினாமா கொடுத்துவிட்டுப் போங்கள் சார், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அலுவலகத்திலேயே யோசனை சொல்வார்கள். பிறகு பார்க்க எதுவும் மிஞ்சாது. ராஜினாமா செய்தவரின் முந்தைய பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து முழுவதும் போய்விடும். ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. யோசனை சொன்ன எழுத்தர் அப்போது வேறு பிரிவுக்கு மாறிப் போயிருப்பார். அவசரம் என்றால் நோட்டீஸ் காலத்தைக் குறைக்கும்படி காரணத்தோடு எழுதிக் கேட்க விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் அப்படிக் குறைத்துக்கொண்டால், அந்த மூன்று மாதம் முடியும்வரை ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாகக் கேட்டு விண்ணப்பிக்க முடியாது.

அடுத்த பொறி அந்த 20 ஆண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். ஊதியமில்லா விடுப்பில் முன்பே வெளிநாடு போய் வேலை பார்த்திருந்தால், அந்த ஆண்டுகள் கணக்கில் வராது. மருத்துவச் சான்றின் பேரில் எடுத்த விடுப்பு வரும். 18 ஆண்டு முடிந்ததும் பணிக்காலத்தைச் சரிபார்த்துச் சான்று தருவது அலுவலகத்தின் கடமை. கேட்டுப் பாருங்கள்: பணிப்பதிவேடு உயர்கல்வி இயக்ககத்தில் இருக்கிறது என்பார்கள் கல்லூரியில், கல்லூரிக்கே அனுப்பிவிட்டோம் என்பார்கள் இயக்ககத்தில். சான்று கைக்கு வராமல் நோட்டீஸ் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸை நேரில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். நோட்டீஸ் காலம் முடிவதற்குள் மறுப்பு வராவிட்டால், அது முடியும் நாளில் ஓய்வு தானாக நடைமுறைக்கு வரும். "ஆணை இன்னும் வரவில்லை" என்று இழுத்தடிப்பவர்களிடம் காட்ட அந்த ஒப்புகைதான் ஆதாரம். வெளிநாட்டு அரசிடம் ஒப்பந்தப் பணியில் அனுப்பப்பட்டிருப்பவர் அங்கிருந்தபடியே நோட்டீஸ் அனுப்ப முடியாது. திரும்பி வந்து, பணியேற்று, ஓராண்டாவது வேலை பார்க்க வேண்டும்.

ஓய்வு கிடைத்த பிறகு காத்திருக்கும் ஆபத்து பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை. அரசுப் பணியின் மேல்நிலையான குரூப் ஏ பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் வெளிநாட்டு அரசிடம் வேலைக்குப் போக முன்அனுமதி வேண்டும். பல்கலைக்கழகம்தானே, அரசு வேலையா என்று நினைக்காதீர்கள். அந்நாட்டு அரசின் கட்டுப்பாட்டில் இயங்கும் நிறுவனமும் இதில் அடங்கும். எத்தியோப்பியாவில் நம்மவர்களை அழைப்பவை பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களே. அனுமதி இல்லாமல் வேலை பார்த்த காலத்துக்கு ஓய்வூதியம் கிடையாது. பதில் வராததையே அனுமதியாக எடுத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

தான்சானியாவில் உள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸின் சான்சிபார் வளாகம் போன்ற, நம் அரசின் கீழுள்ள நிறுவனத்துக்குப் போனால் கதை வேறு. ஓய்வூதியம் வரும், அங்கே பணியில் இருக்கும்வரை விலைவாசி உயர்வுக்காக அதனுடன் சேர்த்துத் தரும் அகவிலை நிவாரணம் நின்றுவிடும். சம்பளத்தைப் பேசும்போதே இதைக் கழித்துப் பாருங்கள்.

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைக் காட்ட நவம்பரில் தரும் உயிர்வாழ் சான்றைக் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம் என்று வங்கியில் சொல்வார்கள். மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்த மின்னணுச் சான்று செல்லாது. இந்தியத் தூதரகத்தில் நேரில் நின்று கையெழுத்து வாங்கி, தாளாகவே வங்கிக்கு அனுப்புங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) மாற்றி, ஓய்வூதியம் அதில் வரும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.